பெட்டியைத் தூக்கக்கூடாதவன்

கோடரியின் முதுகால் ரோத்யா பழைய கம்ப்யூட்டரின் மூன்றாவது அலமாரியை அடித்துப் பிளந்துகொண்டிருந்தபோது அப்பா கைத்தடியோடு கூடத்துக்குள் வந்துவிட்டார். வரவழைத்தது லீதாதான். வாசல் காவலரின் மேசையிலிருந்து போன் போட்டு, மெஷினை உடைக்கிறார்கள் என்று சொன்னாள். உடைப்பவர்களில் ஒருவன் தன் தம்பி என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழவர் இன்னும் வேகமாக வந்திருப்பார்.

தரையெல்லாம் சர்க்யூட் பலகைகள். தங்கம் பூசிய ஊசிகளை வேறு இரண்டு பேர் குறட்டால் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்ட அனுமதித் தாள் அவர்களிடம் இருந்தது. சோவியத் நாடே உடைந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு கம்ப்யூட்டர் எம்மாத்திரம்.

அப்பா அர்சேனி குஸ்மிச் பேசிப் பார்க்கிற ஆள் இல்லை. தடியை ஓங்கி மகனின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தார். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. இரண்டாவது அடிக்கு ரோத்யா தடியைப் பிடித்துக்கொண்டான்.

"பொறந்ததுலேருந்து இந்த இரும்புக்காக அடி வாங்கியிருக்கேன். போதும்பா."

நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு. அப்பாவின் பின்மண்டை அலமாரிச் சட்டத்தில் மோதிய சத்தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லீதாவுக்குக் கேட்டது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அறுபத்தேழில் பத்துப் பேரோடு பழைய ராணுவக் கொட்டகையில் உட்கார்ந்து அப்பா கட்டிய இயந்திரம் அது. ராக்கெட்டின் பாதையை நாலு நிமிடத்தில் கணக்குப் போட்டது. நோவசிபீர்ஸ்க் நகரத்திலேயே அதற்கு ஈடு இல்லை என்றார்கள். பிறகு மாஸ்கோவிலிருந்து ஆணை வந்தது: சொந்த மூளையைப் போட்டது போதும், அமெரிக்கக்காரனுடையதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். ஆணையை வாசித்த கமிஷன் தலைவரின் வாயில் அப்பா சாம்பல் கிண்ணத்தை வீசினார். தலைவருக்கு இரண்டு பல் போயிற்று, அப்பாவுக்கு இயக்குநர் பதவி போயிற்று. ராக்கெட்காரர்களுக்கு அவர் வேண்டியிருந்ததால் சிறை மட்டும் தப்பியது. மிச்சக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெருக்கல் தப்பினால் பெல்ட். லீதா பயந்துகொண்டே கணக்குப் படித்து அதே நிறுவனத்தில் புரோகிராம் எழுத வந்தாள். ரோத்யா கணக்கையும் விட்டான், வீட்டையும் விட்டான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் கேப்டன் தாளும் பேனாவுமாக வந்தார். தானே வழுக்கி விழுந்ததாக அப்பா எழுதச் சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்கு லீதாவைக் காட்டினார். கேப்டனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"அவன் தள்ளினான்பா. நான் பார்த்தேன்."

"நான் அவனை அடிச்சதெல்லாம் எந்தத் தாள்ல எழுதுவே?"

அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போடு லீதா."

போட்டாள். போட்டாளே தவிர மன்னிக்கவில்லை. தம்பியின் தலையை அதே சட்டத்தில் மோதவேண்டும் போல அவளுக்குக் கை துடித்தது. அன்று சாயங்காலமே அப்பா செத்துப்போனார்.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் முன்கூடத்தில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். காயம் பின்மண்டையில் என்பதால் யார் கண்ணுக்கும் படவில்லை. வரிசையாக வந்து நெற்றியில் முத்தமிட்டுப் போனார்கள். காதில் பிளாஸ்திரியோடு ரோத்யா சுவரோரம் நின்றான். கிட்டே வரவில்லை.

தூக்குவதற்கு அப்பாவின் பழைய சகாக்கள் ஆறு பேர் குனிந்தார்கள். அதில் எழுபதைத் தாண்டிய எமில் யாக்கவ்லெவிச்சுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. பெட்டி சாய்ந்தது. ரோத்யா பாய்ந்து வந்து தோளால் முட்டுக்கொடுத்தான்.

"விடு தம்பி," என்றார் எமில் யாக்கவ்லெவிச். "ரத்த சொந்தம் தூக்கக்கூடாது. வீட்டுல இன்னொரு சாவு விழும்."

அவன் விடவில்லை. கல்லறைக்குக் கொண்டுபோக வந்திருந்த பேருந்தின் டிரைவர் பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ரோத்யா முழங்கையால் ஒரே இடி. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார, விரல்களுக்கு நடுவே ரத்தம் சொட்டியது. எல்லோரும் லீதாவைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் அந்தக் கேப்டனும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவன்தான் தள்ளினான் என்று ஒரு வாக்கியம் போதும். தம்பி இங்கிருந்தே ஜெயிலுக்குப் போவான், அப்பா கடைசியாகக் கேட்டதும் கூடவே போகும். மூன்று நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்த வாக்கியம் அது.

"தூக்கட்டும்," என்றாள். "அவன் எங்களுக்கு ரத்தம் இல்ல."

ரோத்யா அக்காளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. எமில் யாக்கவ்லெவிச் அவன் காதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

பெட்டி எழுந்தது. மற்ற ஐந்து பேரும் வயதில் கூனிப்போனவர்கள், ரோத்யா நெட்டை. அவன் பக்கம் உயர்ந்து அப்பாவின் தலை மறுபக்கம் சரிந்தது. அவன் முழங்கால்களை மடக்கிக்கொண்டான். தலை நேரானது. படிகளிலும், பனி மிதிபட்டுக் கிடந்த முற்றத்திலும், பேருந்து வரைக்கும் அவன் முழங்காலை நிமிர்த்தவே இல்லை.