நன்மை வாங்காத சவுரியம்மாள்

விழுப்புரம் தெருவில் மடக்கிக் கொடுத்த பணத்தைக் கேட்டால், "ஆபீசு விசயத்த ஆபீசுல வந்து பேசும்மா" என்பான் ஷேர் புரோக்கர் தேவசகாயம். ரயிலேறித் திண்டிவனம் ஆபீசுக்குப் போனால், "புகாரை இங்கிலீசுல எழுதிக்கினு வா" என்பான். கூலி கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு போனால், "மெட்ராசுக்கு அனுப்பியிருக்கேன், பதில் வரட்டும்" என்பான். மெட்ராஸ் என்ன, சீமையிலா இருக்கிறது? சவுரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயில்வே கேங்கில் வேலை பார்த்துச் செத்த புருஷனுக்காகக் கிடைத்த பணம் அது. அதை வைத்து வேர்க்கடலை விளையும் அரைக் காணி மல்லாட்டைக் கொல்லை வாங்க நினைத்திருந்தாள். அவள் வம்சத்தில் யாருக்கும் சொந்த மண் இருந்ததில்லை. கொஞ்சம் குறைகிறதே என்று தவித்தபோதுதான், மில் ஷேரில் போட்டு ஆறே மாசத்தில் லாபத்தோடு தருகிறேன் என்று இந்தப் பாவி ஆசை காட்டினான். ஷேர் வாங்கினானா, வாயில் போட்டுக்கொண்டானா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கொல்லைக்காரரோ தைக்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவன் பாவம் இருக்கட்டும். உன் பாவத்தைச் சொல்" என்றார் அவர்.

"அவன் பாடையில போவணும்னு தெனமும் வேண்டிக்கிறேன் சாமி."

"அவனை மன்னித்தால்தான் உனக்கு மன்னிப்பு. அதுவரை பூசையில் நன்மை வாங்கக் கூடாது."

சவுரியம்மாளுக்கு வந்ததே கோபம்! பணத்தைத் தின்றவன் முன்வரிசையிலிருந்து போய் நாக்கை நீட்டி, சாமியார் தரும் அப்பத்தை நன்மையாக வாங்குவான். பறிகொடுத்தவள் ஒதுங்கி உட்கார வேண்டுமா?

"அப்படின்னா அந்தப் பாவம் எங்கிட்டயே இருக்கட்டும் சாமி. பணம் வரட்டும், விட்டுடறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு பூசையில் பெண்கள் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போக, அவள் மட்டும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"அப்படி என்னாடி பாவம் பண்ண?" என்று வாசலில் பிடித்துக்கொண்டாள் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்.

"தேவசகாயத்துக்கிட்ட பணம் குடுத்தேன். அந்தக் கோவம் இன்னும் அடங்கல" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள் சவுரியம்மாள்.

அடுத்தடுத்த வாரங்களிலும் உட்கார்ந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவனிடம் பணம் கட்டியிருந்த மற்றவர்களும் விழித்துக்கொண்டு, ரசீதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். அவன் பெண்டாட்டி கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மார்கழி கழிவதற்குள் தேவசகாயமே வீடு தேடி வந்தான்.

"இந்தாம்மா, குடுத்தது முழுசா இருக்குது. இனிமேலாவது எழுந்து போய் நன்மை வாங்கு. மானம் போவுது" என்றான்.

சவுரியம்மாள் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணி முடித்தாள்.

"மொதலு சரியா இருக்குது. நீங்க சொன்ன லாபம் எங்க? அது இல்லாம கொல்லைக்குப் பத்தாதுங்களே. வர்ற ஞாயித்துக்கிழமையும் நான் உக்காந்துக்கினுதான் இருப்பேன்" என்றாள்.