மூன்றாவது மணி

அப்பாவின் கை விறைத்திருந்ததால் கறுப்புக் கோட்டுக்குள் நுழைய மறுத்தது. மகன் இழுத்துப் பார்த்தான். அக்காதான் தோளைத் தூக்கிப் பிடித்து உதவினாள். கோட்டில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

"இதை எப்பக்கா தேய்ச்ச?"

"நேத்து சாயங்காலம். அவர்தான் கேட்டார்."

மடிப்பின் மேல் வைத்திருந்த கையை அவன் எடுத்துக்கொண்டான்.

நகரத்தின் பழைய நாடக அரங்கில் இதே கோட்டைப் போட்டுக்கொண்டு மணியடிப்பவர் அப்பாதான். முதல் மணிக்கு ஒப்பனை முடியவேண்டும், இரண்டாவதற்கு விளக்கு மங்கவேண்டும். வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாயிற்றா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் திரை விலகுவதற்கான மூன்றாவது. ஒருமுறை கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, கைத்தடிக்காரர் ஒருவர் படியேறி உட்காரும்வரை அடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர். பிறகு அரங்கை இழுத்து மூடினார்கள். மரச்சாமான் கிடங்கானது, கூரையில் செடி முளைத்தது. அதைப் புதுப்பிக்கும் வேலைக்கு மகனே பொறியாளராகப் போனதும் அப்பா ஊர் பூராவும் தம்பட்டம் அடித்தார். திறப்பு விழாவுக்கு மணியடிப்பது நான்தான் என்றார்.

ஆனால் அவருக்கு இருமல் பிடித்தால் லேசில் விடாது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள் இருப்பார்கள், மானம் போய்விடும் என்று மகன் பயந்தான். விழா தள்ளிப்போய்விட்டது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு நேற்று தான் மட்டும் போனான். கைபேசியை அணைத்தும் வைத்தான். அக்கா விடாமல் கூப்பிட்டிருந்தது நாடகம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

"அவருக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? ஊரே பேசிட்டிருந்துச்சு," என்றாள் அக்கா, பொத்தானைப் போட்டபடி. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

நேற்று மாலை அப்பா கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். நாடகம் தொடங்கும் நேரம் நெருங்கியதும் கரண்டியால் தம்ளரில் ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியவர் வாசலைப் பார்த்தாராம்.

"அடிங்களேம்ப்பான்னேன். 'இரும்மா, அவன் என்னைக் கூட்டிட்டுப் போக வருவான், வந்துடட்டும்'னார். அப்படியே சாஞ்சுட்டார்."

மகன் கடைசிப் பொத்தானைத் தேடினான். கண்ணீர் மறைத்தது. இருமினால் இருமிவிட்டுப் போகிறார் என்று விட்டிருக்கலாம். எல்லாருமா காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள்?

வெளியே வண்டி வந்து நின்றது. வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சா, எடுக்கலாமா என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

அவன் தலையசைத்தான். கட்டிலை நகர்த்த வழியில்லாமல் அந்தத் தம்ளர் தரையில் இருந்தது. குனிந்து எடுத்து ஓரமாக வைத்தான், உள்ளே இருந்த கரண்டி சத்தம் போட்டுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு.