முப்பத்தெட்டில் மூன்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கால்பந்து தெரியாது. நண்பர் ஒருவர் போக முடியாமல் போனதால் அவர் டிக்கெட் என் கைக்கு வந்தது, மைதானத்துக்குப் போனேன். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எண்பது நிமிடம் முன் வரிசையில் இருந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண், ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் அவளைவிட மூத்த ஒருவன், அதே மூக்கு. இருவர் கழுத்திலும் பச்சைத் துண்டு. ஒரே அணிக்காக வந்தவர்கள் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கோல் ஏதும் விழாமல் ஆட்டம் முடிந்தது. அவன் எழுந்தான்.

"இந்தக் கோச்சை அனுப்புற வரைக்கும் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். பக்கத்து சீட்ல உன் பையை வச்சுக்கோ."

அதுவரை வாய் ஓயாதவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கதை.

2

தொடக்கம் ஒன்று: "அந்தி வெயில் புல்லின் மேல் பொன்னாய்ப்

(வேண்டாம். ஆட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு.)

தொடக்கம் இரண்டு: "வாழ்க்கையும் ஒரு கால்பந்துதான். சிலர் உதைக்கிறார்கள், சிலர்

(இதை எழுதியது நானில்லை என்று சாதித்துவிடலாமா என்று யோசித்தேன்.)

மூன்றாம் தொடக்கத்தில் அவளைத் தூக்கிவிட்டு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரைப் போட்டேன். பாதி வாக்கியத்தில் அவள் குரல் கேட்டது.

"என்னங்க, மூணு தொடக்கம் சரியா வரலைன்னா ஆளையே மாத்திடுவீங்களா? கதை இன்னும் ரெண்டாம் பக்கத்தைத் தாண்டலை. நீங்களும் எங்க அண்ணன் மாதிரிதானா?"

அதிகாரியைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவருக்கு இன்னும் என்மேல் கோபம்.

3

அவளுக்கு ஒரு வேலை வேண்டுமே. பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறாள். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நாள் விடுப்பு எல்லாமே அவள் பென்சிலில்தான். டிப்போவே அவளை 'சார்ட் அக்கா' என்று கூப்பிடுகிறது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அணியின் ஆட்ட அட்டவணை இருக்கிறது. அண்ணனும் அதே டிப்போவில் டிரைவர். (கதைக்கு வசதி என்கிறீர்களா? வசதிதான். பின்னால் தேவைப்படும்.)

பதினோரு சீசனாக அடுத்தடுத்த இருக்கை. ஆட்ட நாளில் அண்ணனுக்குக் காலை ஷிஃப்ட் விழும்படி பார்த்துக்கொள்வதுதான் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் ஒரே அநியாயம்.

இந்த சீசனுக்குக் கோச் புதிது. முப்பத்தெட்டு ஆட்டத்தில் மூன்று முடிந்திருக்கின்றன: இரண்டு தோல்வி, ஒன்று கோல் இல்லாத சமன்.

"புது ரூட்ல போட்ட டிரைவர் முதல் மூணு வாரம் லேட்டாத்தான் வருவான்," என்றாள். "எங்க கூட்டம் ஏறும், எந்த சிக்னல்ல நிக்கும்னு பழக வேண்டாமா? அதுக்குள்ள மாத்தினா எந்த ரூட்டும் எவனுக்கும் பழகாது."

"பஸ் லேட்டானா லேட்டா வந்து சேரும். உள்ள போன கோல் திரும்பி வெளிய வருமா? கோல் கீப்பரைப் போய் கால்ல பாஸ் ஆட வைக்கறானே, அவனுக்குக் கை எதுக்கு இருக்கு?"

"இடது பக்கம் ஆடினவனை வித்துட்டு, மூணு ஃபார்வர்டு இருக்கற எடத்துல நாலாவதா ஒருத்தனை வாங்கினது யாரு? கோச்சா? மேல கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்கற மேனேஜ்மென்ட். டயர் இல்லாத வண்டியைக் குடுத்துட்டு டிரைவரைத் திட்டினா எப்படி?"

டயர் விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று அண்ணனுக்கே தெரியும். அதனால்தான் அன்று அவ்வளவு கோபமாக எழுந்து போனான்.

மறுநாள் டிப்போவில் வந்து நின்றான். "அடுத்த சனிக்கிழமை எனக்கு சாயங்கால ஷிஃப்ட் போட்டுடு."

பதினோரு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. பென்சிலை இரண்டு தடவை சீவினாள். போட்டாள்.

4

ஞாயிறு மாலையில் அணிக்கான யோசனைகளை எழுதி கிளப்புக்குத் தபாலில் அனுப்புவது அவள் வழக்கம். ஒரு தடவைகூடப் பதில் வந்ததில்லை. அவளுக்குக் கட்டம் போட்ட தாளில்தான் யோசனை ஓடும் என்பதால் அதையும் டூட்டி சார்ட் தாளிலேயே எழுதுவாள். அந்த வாரம் மேஜையில் இரண்டு தாள்கள் கிடந்தன. டூட்டி சார்ட் உறைக்குள் போனது. அணி யோசனை அறிவிப்புப் பலகைக்குப் போனது.

(சத்தியமாகத் தவறுதலாகத்தான் என்கிறாள். நான் நம்புகிறேன். நீங்கள் எப்படியோ.)

ஆட்டக்காரர்களைப் போலவே டிரைவர்களுக்கும் எண் உண்டு. திங்கட்கிழமை காலை அவரவர் எண்ணுக்கு நேரே படித்தார்கள்.

ஒன்பது: "முதல் பாதி போதும். பிறகு உட்காரட்டும்." ஒன்பதாம் எண் டிரைவர் பன்னிரண்டு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

நான்கு: "முன்னால் ஓடாதே. பின்னாலேயே நில்." நாலாம் எண்காரர் டிப்போ வாசலைத் தாண்டவில்லை.

ஒன்று: "எல்லோரும் திட்டுவார்கள். நான் உன்னை நம்புகிறேன்." அந்த டிரைவர் அன்று முழுக்கப் பயணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

இப்படி ஒரு சார்ட் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும் என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.*

கடைசியில், பதினோரு பேருக்கும் கீழே, பன்னிரண்டாவது கட்டம். "பக்கத்து சீட்: அண்ணன். எத்தனை தோற்றாலும் மாற்றக் கூடாது."

அண்ணன் பலகை முன்னால் நின்றான். அவன் வண்டி எட்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அவனுடைய இருபத்தாறு வருஷ வேலையில் அது முதல் தடவை.

அவள் தலையில் அடித்துக்கொண்டு சரியான சார்ட்டை மறுபடி எழுதினாள். அண்ணன் கட்டத்துக்கு வந்தபோது, காலை என்றே போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஆனாலும் அவன் கேட்டபடி சாயங்காலம் என்றே எழுதினாள். பிடித்து இழுத்து உட்கார வைத்த ஆள் பக்கத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

* கோச் கைக்கு டூட்டி சார்ட் போய்ச் சேர்ந்தது. ஏழாம் எண்ணுக்கு வியாழன் விடுப்பு என்று அதில் இருந்தது. கொடுத்தாராம்.

5

முடிவு அ: வெள்ளிக்கிழமை கோச்சை அனுப்பிவிடுகிறார்கள். அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறான்.

"வேண்டாம். நாலு ஆட்டம்கூட ஆடலை, பாவம் அந்த மனுஷன்," என்றாள்.

முடிவு ஆ: அணி ஐந்து கோல் போடுகிறது. அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்கிறான்.

"அண்ணன் மன்னிப்பு கேக்கறதா! அப்படி ஒரு அண்ணனை எனக்குத் தெரியாதே. யார் வீட்டு அண்ணன் அது?"

முடிவு இ: அண்ணியைக் கேட்டு எழுதலாம் என்று பார்த்தேன். அவளே நாத்தனாருக்குப் போன் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தாள். "எப்படியாவது உன் அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடும்மா. நாலு நாளா உப்பு டப்பாவையும் டம்ளரையும் வச்சு எனக்கு ஆஃப்சைடு சொல்லிக் குடுக்கறாரு. சமைக்க முடியலை."

6

சனிக்கிழமை மூன்று மணி. அவள் பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். எடுத்தாள். பையை வைத்தால் அவன் சொன்னபடி ஆகிவிடும். பச்சைத் துண்டைக் கழற்றி விரித்துப் போட்டாள்.

"இங்க ஆள் உண்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"உண்டு," என்றாள்.

விசில் ஊதினார்கள். கோல் கீப்பர் பந்தைக் காலால் தட்டினான். சுற்றிலும் முணுமுணுப்பு. அவள் மட்டும் "அப்படித்தான்டா ராஜா" என்றாள். திட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் அந்தச் சொல் அவளுக்கே சப்பென்று இருந்தது.

எட்டாவது நிமிடம் வரிசையில் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு காக்கிச் சட்டை ஒன்று வந்தது.

"துண்டை எடு."

"ஷிஃப்ட்?"

"ஒன்பதாம் நம்பர் பாத்துக்கறான். திங்கக்கிழமை அரை நாள் தூங்கினான்ல." மூச்சு வாங்கினான். "கோச் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். மாத்திக்க மாட்டேன்."

"சொல்லு. உக்காந்து சொல்லு."

உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு கத்த ஆரம்பித்தான். அவளும் கத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கோல் விழுந்துவிட்டதோ என்று மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மீதி எண்பத்திரண்டு நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. சொன்னேனே, எனக்குக் கால்பந்து தெரியாது. இந்தாருங்கள்:

பச்சை அணி: ____   எதிரணி: ____

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலில் போடுங்கள், சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தோற்கடித்தாலும் எனக்குச் சம்மதம். அந்த இருக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள்.