ஐந்தருவிக்குப் போன கால்

சேரன்மகாதேவியில் முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டிய தில்லைநாயகத்துக்கு எல்லாம் தெரியும். எந்த மேகம் பெய்யும், எது ஏமாற்றும், எந்த மாத்திரை எதற்கு என்று கேட்காமலே சொல்லுவார். தெரியாது என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்க ஆள் பிறக்கவில்லை. அந்த மனுஷர்தான் இப்போது மனைவி பாலம்மாளின் முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் துண்டுக் காலை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுக்கிறார். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. தையல் மடிப்பில் ஈரம் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகிவிடும் என்று இப்போது நிஜமாகவே தெரிந்துகொண்டிருக்கிறார்.

வினை சித்திரையில் தொடங்கியது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கல் கொதித்துக் கிடந்தது. பதினைந்து வருஷச் சர்க்கரையில் பாலம்மாளின் பாதங்கள் மரத்துப்போயிருந்ததால் சூடு தெரியவில்லை. மூன்று சுற்றும் நிதானமாகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், இடது உள்ளங்காலில் பெரிய கொப்புளம். அது உடைந்து புண்ணாகிவிட்டது.

நர்ஸ் சாலோமி ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டாள். கத்திரி வெயில் முழுக்க, வேர்வையில் கட்டு நனைந்தால் உடனே மாற்றச் சொல்லிக் கொடுத்தாள். ஆனி பிறந்தபோது ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்த புண் துவரம்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. தில்லைநாயகம் ஏதோ தானே ஆற்றிவிட்டதுபோல ஊரெல்லாம் பெருமையடித்தார்.

"இனிமேத்தான் சூதானமா இருக்கணும் அண்ணாச்சி. சாரல் நேரத்துல காத்தே ஈரமா இருக்கும், கட்டு லேசுல காயாது. இது புதுத்தோலு. இன்னும் பத்து நாளைக்கு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றாள் சாலோமி.

மறுநாளே நண்பர் காசிலிங்கம் போன் பண்ணினார். "ஐந்தருவியில தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது வே. காரு இருக்கு, ரெண்டு பேரும் கெளம்பி வாரும்."

குற்றாலத்தில் சீசன் என்றால் தில்லைநாயகத்துக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

"நீங்க போயிட்டு வாங்க அத்தான். நான் வரல. சாலோமி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா" என்றாள் பாலம்மாள்.

"அவ என்னத்தைக் கண்டா? மலையில உள்ள அம்புட்டு மூலிகையையும் தொட்டுக்கிட்டு வார தண்ணியாக்கும் அது. ரெண்டு நிமிசம் நின்னா மிச்சப் புண்ணும் ஆறிரும்."

"எனக்குப் பயமா இருக்கு."

"நான் இருக்கேம்லா."

போனார்கள். பெரிய கெட்டிக்காரத்தனமாக, ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைக் கட்டின்மேல் மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்கினார். அருவித் தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கியது. இறங்கியது வெளியே வர வழியில்லை. குளித்து, செங்கோட்டையில் புரோட்டா சாப்பிட்டு, காசிலிங்கத்தின் கதைகளைக் கேட்டு வீடு திரும்பும்வரை அந்தக் கால் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. பாலம்மாளுக்கு வலி ஏது, தெரிவதற்கு?

பையைக் கழற்றியபோது பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கட்டோடு புதுத்தோலும் உரிந்து வந்தது. அப்போதாவது சாலோமியைக் கூப்பிட்டிருக்கலாம். போனில் கூப்பிட்டார்தான். "மக வீட்டுக்குப் போறோம், நாலு நாள் கழிச்சு வா தாயி" என்று பொய் சொன்னார். அவளிடம் திட்டு வாங்க வெட்கம். தானே பவுடரைத் தூவிக் கட்டிவிட்டார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் தூக்கிப்போட்டது. பாதம் கறுத்து நாற்றமெடுத்தது. காலை எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு சாலோமி ஓடி வந்தாள். சென்னையிலிருந்து மகள் அனுராதாவும் வந்து நின்றாள்.

"அருவிக்குப் போகச் சொன்னது யாரு?" என்று கேட்டாள் அனுராதா.

தில்லைநாயகம் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த பாலம்மாள் சொன்னாள்: "நாந்தான் அடம்பிடிச்சேன். அவுக வேண்டாம்னுதான் சொன்னாக."

சாலோமி தலையில் அடித்துக்கொண்டாள். தில்லைநாயகம் தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாடா என்றுகூட இருந்தது அவருக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அன்றிலிருந்து போன் பேசும்போதெல்லாம் அனுராதா அம்மாவைத்தான் ஏசினாள். தீபாவளிக்கு வந்தவள் இன்று காலையும் ஆரம்பித்தாள். "அன்னைக்கு அடம்பிடிக்காம இருந்திருந்தா இன்னைக்கு நடந்துக்கிட்டு இருப்பல்லா? அப்பா பாவம், இந்த வயசுல உனக்குக் காலைத் துடைச்சிக்கிட்டு இருக்காக."

அப்பா பாவம் என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. துணியைக் கீழே வைத்தார்.

"அவ அடம்பிடிக்கல அனு. வரமாட்டேன்னா. நாந்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். சாலோமிட்ட பொய் சொன்னதும் நாந்தான்."

அனுராதா அவரை ஏசவில்லை. உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தில்லைநாயகம் மனைவியின் பக்கம் திரும்பினார். "தப்புப் பண்ணிட்டேன் பாலம்மா. என்னைக் காப்பாத்தவா அந்தப் பழியை நீ ஏத்துக்கிட்ட?"

பாலம்மாள் அவரையே பார்த்தாள்.

"காப்பாத்தன்னு யாரு சொன்னா? நான் அப்படிச் சொன்னா, 'இல்ல, அவ இல்ல, நாந்தான்'னு நீங்க உடனே சொல்லுவியன்னு நெனைச்சேன் அத்தான். ஆபரேசனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப வரைக்கும் உங்க மொகத்தையேதான் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன்."