அங்கன இருந்து போடுத பாட்டு

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் கடையநல்லூரில் வந்து இறங்கினால் சுகமா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "லீவா, கேன்சலா?" என்றுதான் கேட்பார்கள். லீவு என்றால் ஆள் திரும்பிப் போவார், விருந்துக்குக் கூப்பிடலாம். கேன்சல் என்றால் விசாவை முடித்துவிட்டு மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார், இனி ஊரோடுதான். பதிலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மேற்கொண்டு எந்தக் குரலில் பேசுவது என்று ஊர் தீர்மானிக்கும்.

பள்ளிவாசல் முக்கில் மசூது ஆட்டோவை விட்டு இறங்கியபோது, எதிர்வீட்டு அப்துல் மஜீது அதைத்தான் கேட்டார். "லீவுதான்" என்றார் மசூது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக வாயில் பழகிக் கிடந்த சொல், அதுவாக வந்து விழுந்துவிட்டது. வாசலில் நின்ற அவருடைய மனைவி ஜாஹிரா பீவியும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கினாள். அப்புறம் எந்த இடத்தில் நின்று அதைத் திருத்துவது?

உண்மையில் அவர் வந்தது கேன்சலில். சவூதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கிட்டங்கியை மூடுகிறோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். அன்றைக்கும் வழக்கம்போல குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. சரி, விமானத்தில் ஏறினால் சந்தோஷமாவது வரும் என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல ஆள் மொத்தமாக மரத்துப்போயிருந்தார். காலாவது உதறினால் சரியாகும்.

வீட்டில் அவருக்கு நடந்தது விருந்தாளி உபசாரம். தினமும் மீன் பொரித்தாள் ஜாஹிரா. புதுத் துண்டு, பூப்போட்ட தட்டு. அவர் ஹாலில் உட்கார்ந்தால் அவள் அடுப்படியில் இருந்தாள், அவர் அடுப்படிக்குப் போனால் "எதும் வேணுமா?" என்று எழுந்து நின்றாள். வேண்டியது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். லீவில் வரும்போதெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது. பழகுவதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒரே மகள் முஹ்ஸினாவைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது.

அவர் கொண்டுவந்ததில் உருப்படியானது ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் அவர் பாட்டு மொத்தமும் இருந்தது. கேசட்டாக வாங்கி, சிடியாக வாங்கி, பிறகு ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. சினிமாப் பாட்டு, இஸ்லாமியப் பாட்டு, கேரளத்துக்காரர்கள் கொடுத்த மாப்பிளைப் பாட்டு எல்லாம் பாடகர், வருஷம் வாரியாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஆறு பேர் படுக்கும் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர். சுவர் அதிரக் கேட்கும் பாக்கியம் அவருக்கு வாய்த்ததில்லை. வீட்டில் நல்ல செட்டு ஒன்று வைக்கலாம் என்று ஒரு காலையில் தோன்றியது. ஆசை என்று சொல்ல முடியாது, செய்வதற்கு ஒரு வேலை.

தென்காசியில் பெரிய கோவில் பக்கம் சுபாஷ் என்பவரின் கடைக்கு ஜாஹிராவையும் கூட்டிக்கொண்டு போனார். சுபாஷ் நல்ல வாயாடி. டிஸ்கைச் சொருகிப் பார்த்தவர், "பாய், இத்தன பாட்டையும் நீங்களே ஏத்துனியளா? மாசம் காசு கட்டுனா உலகத்துப் பாட்டெல்லாம் ஆப்புலயே வருதே" என்றார்.

"எம் பாட்டு இதுல இருக்கு" என்றார் மசூது.

"அப்போ ரெண்டு வழிதான். இந்தா, இது ஒயர் செட்டு." ஆம்ப்ளிஃபயரில் டிஸ்கை மாட்டி, ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்ற இரண்டு மர ஸ்பீக்கர்களில் ஒரு பாட்டை ஓட விட்டார். வயலின் எடுத்ததும் மசூது நிமிர்ந்தார். பல்லவி முடியும் இடத்தில் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. பல ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அந்த மூச்சு அதில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னொண்ணு, வைஃபை செட்டு" என்று சுபாஷ் கைக்கடக்கமான ஒரு பெட்டியையும் உருண்டையான ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தார். "டிஸ்க் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும், பெட்டி ரௌட்டர்ல இருக்கும். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் போன்ல தட்டினா, வீட்டு ஸ்பீக்கர் பாடும். சத்தம் ஒயர் செட்டு அளவுக்கு வராது, சொல்லிப்புடுதேன். எது வேணும்னு முடிவு பண்ண ஒரே கேள்விதான் பாய். நீங்க இங்கனயே இருக்கப் போறியளா, திரும்பிப் போறியளா?"

மசூது ஒயர் செட்டின் மர ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க அதுதான் சமயம். திறந்தும் விட்டார்.

"அவிய போயிருவாவ" என்றாள் ஜாஹிரா. "அந்த உருண்டையே இருக்கட்டும் தம்பி. முன்னெல்லாம் வெள்ளிக்கிழம போன்ல ஒரு பாட்டு போடுவாவ, நான் அடுப்படியில மாடத்துல போன வச்சுக் கேப்பேன். இனி அங்கன இருந்து போட்டா வீடு முழுக்கக் கேக்கும்லா? ஒண்ணே ஒண்ணு, பள்ளியில பாங்கு சொல்லும்போது ஒரே தட்டுல நிக்கணும். அதத் தேடி இதத் தேடி நிக்கக்கூடாது."

"டக்குனு நிக்கும் ஆச்சி" என்றார் சுபாஷ்.

ஜாஹிராவின் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. இந்தப் பூரிப்பு நான் போவதற்காகவா என்று மசூதுக்குக் கேட்கத் தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். அப்படியாகத் திரும்பிப் போகாத மனிதர், திரும்பிப் போகிறவருக்கான செட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சுபாஷே வந்து மாட்டிக் கொடுத்தார். மசூது ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாலடி தள்ளி இருந்த ஸ்பீக்கரைப் போனால் தட்டிப் பாட வைத்தார். பாட்டு வந்தது. ஜாஹிரா வரவில்லை. "நீங்க கேளுங்க" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். அவருக்குப் பிடிக்குமே என்று கதவையும் சாத்திவிட்டாள், மிக்ஸி சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாதாம். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. பாதிப் பாட்டில் அவரே நிறுத்தினார். இந்த மனுஷிக்கும் தனக்கும் நடுவில் என்ன பேச்சு இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். போனில் பேசியதுதான் நினைவுக்கு வந்தது. நேரில் பேசிய பேச்சு ஒன்றுகூட வரவில்லை.

ஒருநாள் சாப்பாடு வைக்கும்போது ஜாஹிரா கேட்டாள். "தூரத்துல இருந்து போட்டா வருமான்னு பாக்காண்டாமா? போன பொறவு வரலன்னா யாரக் கேக்க?"

மறுத்துச் சொல்ல அவரிடம் காரணம் இல்லை. மறுநாள் காலையில் தென்காசி போய், பஸ் மாறிக் குற்றாலத்தில் இறங்கினார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் நல்ல தண்ணீர், கூட்டமும் அதற்கேற்றபடி. எண்ணெய் வடிகிற உடம்போடு ஆட்கள் குளிக்கப் போவதும் நடுங்கிக்கொண்டு வருவதுமாக இருந்தார்கள். மசூதுக்குக் குளிக்கத் தோன்றவில்லை. சிப்ஸ் கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, போனைத் துடைத்துவிட்டு, மூச்சு இழுக்கிற அந்தப் பாட்டைத் தட்டினார். பாட்டு ஓடுவதாகப் போன் காட்டியது. இங்கே ஒரு சத்தமும் இல்லை, அருவிதான் இரைந்தது.

உடனே ஜாஹிரா போன் செய்தாள்.

"கேக்குதுங்க! நல்லாக் கேக்குது! நான் பயந்தே போயிட்டேன், மாவு பிசஞ்சிக்கிட்டு இருக்கேன், திடீர்னு பாட்டு வருது. ஆமா, ஏன் இந்தப் பாட்டு? மொத தடவ நீங்க போனப்ப கேசட்டுல அனுப்புனியளே, அதுதானே இது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாக்கும்! நம்ம முஹ்ஸினா இருக்காளே, நேத்து அவ மாமியார்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா..."

அவள் பேசிக்கொண்டே போனாள். மகள் கதை, அப்துல் மஜீது வீட்டுச் சண்டை, பலாப்பழம் வெட்டப்போய்க் கையெல்லாம் பிசினானது. நடுநடுவே சிரித்தாள். அவளைக் கட்டிய நாளிலிருந்து மசூதுக்குத் தெரிந்த ஜாஹிரா இவள்தான். இந்தக் குரலுக்காகத்தான் அத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமைக்குக் காத்துக்கிடந்தார். ஊருக்கு வந்து இத்தனை நாளில் இவளை ஒரு தடவைகூட வீட்டில் பார்க்கவில்லை. அது புரிந்தபோது அவருக்கு வலித்தது. தம்மாமில் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு முதல்முறையாக ஏதோ ஒன்று வலித்தது.

"சாப்பிட்டியளா?" என்றாள் அவள், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்பதுபோல.

"ஜாஹிரா, நான் லீவுல வரல" என்றார்.

"என்னது? தண்ணிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல."

"லீவு இல்ல. கேன்சல்."

"ஆங்?"

"கேன்சல்! கேன்சல்ல வந்துட்டேன்! இனிமே போமாட்டேன்!"

அருவியை மிஞ்சிக் கத்திவிட்டார். தலை துவட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிப்ஸ் கடைக்காரர் கரண்டியை எண்ணெய்க்கு மேலே பிடித்தபடியே நின்றார்.

மறுமுனையில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. ஒரே தட்டில் நிறுத்தியிருக்கிறாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றாள் கடைசியில்.

"தெரியல. நேர்ல உங்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்றாள் ஜாஹிரா. "ஒவ்வொரு லீவுக்கும் நீங்க அங்கன போயி எறங்குனதுக்கு அப்புறந்தான் உங்ககிட்ட பேச வேண்டியதெல்லாம் எனக்கு ஞாவகம் வரும். இந்தத் தடவயும் சேத்து வச்சிருந்தேன். போயிட்டுப் போன் பண்ணுவாவ, அப்ப சொல்லலாம்னு."

சாரல் மசூதின் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் எது சாரல் எது கண்ணீர் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

"எப்ப வாறிய?" என்றாள்.

போனை வைக்கும் முன்னால் அவள் எப்போதும் கேட்கிற கேள்வி. அவர் எப்போதும் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்வார். நோன்புக்கு முன்னால் என்பார், அடுத்த பெருநாளைக்கு என்பார்.

"அடுத்த பஸ்ல" என்றார்.

"சரி" என்றாள் ஜாஹிரா. மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "வரும்போது தென்காசியில எறங்கி அரக்கிலோ புளி வாங்கிட்டு வாங்க. புதுப்புளி வேண்டாம், பழசாப் பாத்து வாங்கணும்."

சென்ட்டும் கம்பளியும் தங்கமும் கேட்டிருக்கிறாள். புளி கேட்டது இதுதான் முதல் தடவை. புளியில் பழசு எது, புதுசு எது என்று மசூதுக்குத் தெரியாது. தெரிகிறவரைக்கும் அவளிடமே கேட்கலாம் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.