பஸ்மிலா மௌத்தாகவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் ஓர் உளவள ஆலோசகர் இருக்க வேண்டும், அவர் வருகிறவரின் மொழியில் கதைக்க வேண்டும், கதைப்பதற்குக் கதவுள்ள அறை ஒன்று வேண்டும் என்று சட்டம் கேட்டு ஒரு கட்டுரை. கேட்டவள் சாய்ந்தமருதில் அபாயா தைக்கும் பஸ்மிலா. கட்டுரை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. கதை என்றால் அவளே முன்னால் வந்து நிற்கிறாள். நான் என்ன செய்ய?

2

தொடக்கம் ஒன்று: “கடல் அன்று கறுத்துக் கிடந்தது. பஸ்மிலாவின் மனமும் அப்படியே—”

வாசித்துக் காட்டியதும் அவள் மெஷினை நிறுத்தினாள். அவளுக்கு நான் காக்கா, அண்ணன் முறை.

“காக்கா, கடல விடுங்க. அது அதுட பாட்டுக்குக் கிடக்கட்டும். எனக்கு நடந்தத்த எழுதுங்க.”

நடந்தது இதுதான். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, அந்தப் பிள்ளையைத் தூக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், குடித்தாள். கண்ணூறு என்றார்கள், அதற்கும் பார்த்தாள். ஊருக்குள் கிளினிக் வாங்கில் போய் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விடும். ஆகவே மட்டக்களப்பில் ஓர் ஆலோசகரைத் தேடிப் பஸ் ஏறினாள். கேட்டவர்களுக்கு, “துணி எடுக்கப் போறன்” என்றாள். சொன்ன வாய்க்காகத் துணியும் எடுத்து வந்தாள். அவள் தேறி முடிவதற்குள் அலுமாரி நிரம்பிவிட்டது. அபாயாக் கடை அப்படித்தான் தொடங்கியது.

[இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அழவைக்கப் பார்த்தேன். “அழுது முடிஞ்சிதானே கடை திறந்த நான்” என்று மறுத்துவிட்டாள்.]

இப்போது கடை நன்றாக நடக்கிறது. பிள்ளைகள் மடியை விட்டு இறங்குவதில்லை. கணவன் ஜெஸீம் ஒலுவில் துறைமுகத்தில் இருந்து மீனோடு வருகிறான், சிரித்துக்கொண்டு ஆக்குகிறாள். ஆனாலும் பஸ்ஸுக்கு வழியில்லாதவள், பொய் சொல்லத் தெரியாதவள் என்ன செய்வாள் என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை.

3

சட்ட வரைவு பற்றி மக்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு கல்முனைக்கு வருகிறது. [வரைவும் குழுவும் என் கற்பனை. தேடாதீர்கள்.] வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, மண்டபத்தில். ஊரில் இருந்து ஆட்கள் எழும்பிப் பேசாவிட்டால், “இப்பகுதியில் தேவை இல்லை” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்கு முன் ஊராரோடு கதைக்கப் பஸ்மிலா தன் வீட்டில் கூட்டம் வைத்தாள். வந்தது சுபியான் மட்டும். அவனும் கூட்டத்தில் உட்கார வாடகைக்குக் கொடுத்த கதிரைகளைத் திருப்பி எடுக்க வந்தவன்.

விடுவாளா? செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூட்டம். இம்முறை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னாள். பாங்கு சொல்கிற மோதினார் அப்துல் ஸமட் நல்ல மனிதர். ஆனால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல அவருக்குப் பழகிய முறை ஒன்றே ஒன்றுதான்.

“மர்ஹூம் ஷரிபுதீன் அவர்களின் மகளும், ஜெஸீம் அவர்களின் மனைவியும், ஸாஜித், நிப்லா ஆகியோரின் தாயாரும், ஸம்ஸியாவின் சகோதரியுமான பஸ்மிலா அவர்களின்…”

[எங்கள் பக்கத்து வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இப்படி உறவு சொல்லத் தொடங்கினால் இங்கே அது ஜனாஸா அறிவித்தல், ஒருவர் மௌத்தான, அதாவது இறந்த செய்தி. கடைசி வரை யாரும் நின்று கேட்பதில்லை.]

“…இல்லத்தில் உளநலக் கூட்டம் நடைபெறும்” என்று அவர் முடித்தபோது கேட்க ஆளில்லை. ஊர் புறப்பட்டுவிட்டது.

4

முதலில் ஓடி வந்தவள் மூத்தவள் ஸம்ஸியா. “என்ட தங்கச்சியே!” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவள், தேநீர்க் கேத்தலும் கையுமாக நின்ற தங்கச்சியைக் கண்டு அப்படியே நின்றாள்.

“என்ன ராத்தா, ஆரு மௌத்தாப் போன?”

“நீதான்கா!”

அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. கபுறுக்குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தவர்களும் இருந்தார்கள். பஸ்மிலா ஒலுவிலுக்குப் போன் எடுத்து, “நான் உசிரோடதான் இரிக்கன், ஆரும் சொன்னாப் பயந்துராதீங்க” என்று ஜெஸீமுக்குச் சொன்னாள். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு முற்றமே சிரித்தது.

“அஸ்தஃபிருல்லாஹ்! நான் மௌத்தெண்டு சொல்லவே இல்லயே!” என்று நெஞ்சில் கையை வைத்தார் மோதினார்.

பஸ்மிலா வாசற்படியில் ஏறி நின்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“மௌத்தெண்ட ஒடன ஊரே வந்திட்டீங்க. அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். ஆனா சின்னவ பொறந்த நேரம் நான் இந்த ஊட்டுக்குள்ள உசிரோட செத்துக் கிடந்தன். அப்ப ஒரு ஆளும் வரல்ல. உங்களுக்கு வரத் தெரியல்ல, எனக்குக் கூப்பிடத் தெரியல்ல. அதுக்குத்தான் சட்டம் கேக்கன். நான் மட்டக்களப்புக்குப் போன துணி எடுக்க இல்ல.”

ஊர் முன்னால் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கிட்டயும் சொல்லல்லயேகா” என்றாள் ஸம்ஸியா. சொல்லிவிட்டு, தங்கச்சியின் கையில் இருந்த கேத்தலை வாங்கிக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள். மண்வெட்டிக்காரர்கள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். தேநீர் போதாமல் அடுத்த வீட்டு அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. பஸ்மிலாவுக்கு வயிறு குளிர்ந்தது.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன். ஒன்றில் சட்டம் நிறைவேறுகிறது, வெடி கொளுத்துகிறார்கள். “பாராளுமன்றத்த நீங்களா நடத்துற?” என்றாள் பஸ்மிலா. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் குழு வரவே இல்லை, ஊர் வெறுங்கையோடு… வேண்டாம், அது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே வியாழக்கிழமை வரை மட்டும் வருகிறேன். மண்டபம் நிறைந்திருக்கிறது. பஸ்மிலா தடுமாறாமல் பேசி முடித்து, முகம் மலர வந்து அமர்கிறாள். தலைவர் எழுதி முடித்துவிட்டு நிமிர்கிறார்.

“வேறு யாராவது? உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் போதும்.”

ஒருத்தி சொன்னால் அது ஒருத்தியின் கதை. இன்னொருவரும் எழும்பினால்தான் ஊரின் தேவை. ஒவ்வொருவரும் அடுத்தவர் எழும்புவார் என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

“ஆரையாவது எழுப்புங்க காக்கா” என்கிறாள் பஸ்மிலா என்னிடம், மெதுவாக. “மோதினாரையாவது எழுப்புங்க.”

எழுப்ப ஒரு வரி போதும். எழுப்ப மாட்டேன். நான் இட்டுக்கட்டியவர் எழும்பினால் அது கதை. குழுவுக்கு வேண்டியது ஆள்.

பின்வரிசையில் யாரோ கதிரையைப் பின்னே தள்ளுகிற சத்தம் கேட்கிறது. பஸ்மிலா திரும்பிப் பார்க்கிறாள். நான் பார்க்கவில்லை.

நீங்களா?