ஜன்னலுக்கு வெளியே அத்தை

அத்தை ஜெபம் செய்ய உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும். மூங்கில் குருத்துப் போட்ட பன்றிக்கறி வாசனை மூக்கைத் துளைக்கும். அத்தையோ திமாப்பூர் பஸ் டிரைவர் வரைக்கும் ஒவ்வொருவராக ஆண்டவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருப்பார். நான் கல்யாணமாகி நாகாலாந்தின் வோக்காவுக்கு வந்த புதிதில் ஒருநாள் பாதி ஜெபத்தில் பெருமூச்சு விட்டேன். "பசிக்குதாடி? இரு, உன் பேரும் வரும்," என்றார், கண்ணைத் திறக்காமலே. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க, எத்தனை வேளைச் சோறு ஆறினாலும் எனக்குச் சம்மதம்.

பாப்டிஸ்ட் சபைதான் எரன்பெனி அத்தைக்கு உயிர். அந்தச் சபையே ஒரு தடவை அவரை ஆறு மாதம் விலக்கி வைத்தது. அவருடைய மாமனார் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்காத பழைய நம்பிக்கைக்காரர். சாகக் கிடந்தபோது ஒரு வாய் அரிசிக் கள் கேட்டார். கள்ளைத் தொட்டவருக்கு எங்கள் சபையில் இடமில்லை. அத்தை தன் கையாலேயே வடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து தானே சொல்லியும் விட்டார். பிறகு அந்த ஆறு மாதமும் சபை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு பாட்டு விடாமல் பாடினார்.

அத்தையின் அடக்கத்தன்று அவர் வாழ்க்கையை எழுதிப் படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. என் கணவரின் அண்ணன் சான்பெமோ இப்போது அதே சபையின் மூப்பர். நான் எழுதியதை வாங்கிப் பார்த்து, கள் கொடுத்த பத்தியை மட்டும் அடித்துவிட்டார்.

"இது வேண்டாம்மா."

"அத்தை இதை ஒளிச்சதே இல்லையே, அத்தான்!"

"ஊரே வந்து உக்காந்திருக்கு. அம்மாவை அசிங்கப்படுத்தாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அசிங்கம் அத்தைக்கா, உங்க மூப்பர் பதவிக்கா?" என்று கேட்டே விட்டேன். அவர் காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அடித்த இடம் வந்தது. அதையும் சேர்த்தே படித்தேன். அத்தான் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். பிடுங்கத்தான் வருகிறார் என்று காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் விளிம்பில் கைவைத்தார்.

"தாத்தாவுக்குக் கிண்ணத்தைப் பிடிச்சுக் குடிக்க வெச்சது நான். மிச்சத்தைக் குடிச்சதும் நான்தான். எனக்கு அந்த மாசம் ஞானஸ்நானம் வெச்சிருந்தாங்க. அதனால அம்மா சபையில தன் பேரை மட்டும்தான் சொன்னாங்க." பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார். "நான் ஆத்துல முங்கி எந்திரிச்சப்ப, கரையில எல்லாரோட அம்மாவும் நின்னாங்க. என் அம்மாவை மட்டும் கிட்ட விடல."